அரை மாடு வாங்க முடியாது

வங்கதேசத்தின் வடக்கில் ரங்கபூர், குரிகிராம், நீல்ஃபாமாரி மாவட்டங்களில் புரட்டாசி, ஐப்பசி என்றால் கூலிக் குடும்பங்களுக்கு வயிற்றைக் கலக்கும். நடவு முடிந்திருக்கும், அறுவடைக்கு இன்னும் நாள் கிடக்கும். வயலில் வேலை இல்லையென்றால் அன்றைக்கு அடுப்பு எரியாது. 'மோங்கா' என்று அங்கே சொல்வார்கள். வருஷம் தவறாமல் வந்து போன பசி. ஆனால் அதே ஊரில், அதே மாதங்களில், வருமானம் அடியோடு நின்றுபோகாத வீடுகளும் இருந்தன. அவர்கள் பெரிய நிலக்காரர்கள் இல்லை. கொட்டிலில் ஒரு கறவை மாடு, இரண்டு மூன்று ஆடு, வீட்டை ஒட்டிக் கொஞ்சம் கொல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வித்தியாசத்தை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2007இல் தொடங்கி வங்கதேசத்தின் 1,309 கிராமங்களில் ஓர் ஆய்வுக் குழு வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தது. பரம ஏழைப் பெண்கள் செய்த வேலை பெரும்பாலும் இரண்டே இரண்டு: வயல் கூலி, வசதியானவர்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பது. இரண்டும் தினமும் கிடைக்காது. கொஞ்சம் வசதியிருந்த பெண்கள் ஆடு மாடு வளர்த்தார்கள். ஒரு மணி நேர உழைப்புக்கு அவர்களுக்குக் கிடைத்தது கூலி வேலையைவிட ஏறத்தாழ இரு மடங்கு. வருஷம் முழுக்க வேலையும் இருந்தது.

சரி, அப்படியானால் ஏழைப் பெண்களும் ஏன் மாடு வளர்க்கவில்லை? சோம்பலா, தெரியாத்தனமா? 'உழைத்தால் முன்னேறலாம், இவர்களுக்கு உழைக்க மனசில்லை' என்று வீட்டிலும் திண்ணையிலும் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். விடிவதற்கு முன் எழுந்து நாலு வீட்டில் வேலை பார்த்துவிட்டு வயலுக்கும் போகிறவளைப் பார்த்து அப்படிச் சொல்வது அநியாயம். அவளிடம் மாடு இல்லாததற்குக் காரணம், மாடு வாங்கப் பணம் இல்லை. இதில் வேறு மர்மம் எதுவும் இல்லை.

சேர்த்து வாங்கலாமே என்று தோன்றும். அரிசியைக் கால்படி வாங்கலாம், எண்ணெயை நூறு மில்லி வாங்கலாம்; மாட்டை அப்படி வாங்க முடியாது. மொத்தமாகப் பணம் வேண்டும். கைக்கும் வாய்க்கும் போதாத வருமானத்தில் பத்தும் இருபதுமாய் எடுத்துவைத்தால், பிள்ளைக்கு ஒரு காய்ச்சல், வேலையில்லாத ஒரு மாதம், அதில் கரைந்துவிடும். கோழி வாங்கலாம்தான். ஆனால் நாலு கோழியை நம்பிக் கூலி வேலையை விட முடியாது. அடுத்தவர் மாட்டை வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, பிடித்து வளர்க்கும் வழக்கம் நம் ஊரைப் போல வங்கத்திலும் உண்டு. அதில் கன்றில் பங்கு கிடைக்க வருஷக் கணக்கில் ஆகும், பங்கு நியாயமாகக் கிடைக்குமா என்பதும் மாட்டுக்காரரின் மனசைப் பொறுத்தது.

கடன்? பொருளாதாரப் பேராசிரியர் முகமது யூனுஸ் 1976இல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் தொடங்கிய சிறுகடன் முயற்சிதான் கிராமின் வங்கியாக வளர்ந்து, 2006இல் அவருக்கும் வங்கிக்கும் நோபல் அமைதிப் பரிசு வாங்கித் தந்தது. உலகம் முழுக்கப் பெண்கள் குழுவாக உட்கார்ந்து தவணை கட்டும் காட்சி அங்கிருந்து பரவியது. ஆனால் பரம ஏழைகளிடம் அந்தக் கடன் போய்ச் சேரவில்லை. 'இவளால் கட்ட முடியாது, நம் தலையில் விடியும்' என்று குழுவில் மற்றவர்கள் சேர்க்க மாட்டார்கள். இவளுக்கே பயம். வாங்கிய அடுத்த வாரமே தவணை வந்து நிற்கும். மாடு கன்று போட்டுப் பால் கொடுக்க எத்தனை மாதம்? இந்தியா, எத்தியோப்பியா, மொராக்கோ, மெக்சிகோ, மங்கோலியா, போஸ்னியா ஆகிய ஆறு நாடுகளில் நடந்த சோதனைகளின் முடிவுகள் 2015இல் சேர்ந்தாற்போல் வெளியாயின. ஏற்கெனவே சிறுதொழில் நடத்தியவர்களில் சிலருக்குச் சிறுகடன் கைகொடுத்தது. குடும்பங்களை வறுமையிலிருந்து அது தூக்கிவிட்டது என்று சொல்லும்படியான மாற்றம் எந்த நாட்டிலும் தென்படவில்லை.

இந்த இடைவெளியை முதலில் ஒழுங்காகப் புரிந்துகொண்டது பிராக் என்ற வங்கதேச நிறுவனம். ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் கணக்குத் துறையில் இருந்த ஃபஸ்லே ஹசன் ஆபெத், 1972இல், வங்கதேச விடுதலைப் போர் முடிந்து ஊர் திரும்பிய அகதிகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கத் தொடங்கியது அது. 1980களில் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்தோடு சேர்ந்து, இலவசக் கோதுமை வாங்கும் பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் கடனும் கொடுத்துப் பார்த்தார்கள். நிறையப் பேர் மேலே வந்தார்கள். மிகவும் கீழே இருந்தவர்கள் மட்டும் கோதுமை நின்றதும் பழைய நிலைக்கே போனார்கள். திட்டம் வெற்றி என்று அறிக்கை எழுதிவிட்டுப் போயிருக்கலாம். விடுபட்டவர்கள் யார், ஏன் விடுபட்டார்கள் என்று திரும்பிப் பார்த்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் பரம ஏழைகளுக்கென்றே 2002இல் தொடங்கிய திட்டம். தொடங்கிய இடம் மேலே சொன்ன அதே மூன்று வடக்கு மாவட்டங்கள்.

அது நடக்கும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் ஆள் தேடுவது. அலுவலகத்துப் பட்டியலை வைத்துத் தேடுவதில்லை. ஊரின் ஒரு பகுதி மக்கள் ஒரு மரத்தடியில் கூடுவார்கள். தரையில் தெரு, குளம், பள்ளிவாசல் எல்லாம் கோடு போட்டு ஊரின் படத்தை அவர்களே வரைவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அட்டை. யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று பேசிப் பேசி, அட்டைகளை வசதிப்படி தனித்தனிக் கட்டாக அடுக்குவார்கள். வாக்குவாதம் வரும். 'அவனுக்கு மகன் டாக்காவிலிருந்து பணம் அனுப்புகிறான், அவனை எப்படி இந்தக் கட்டில் வைத்தாய்?' என்று ஒருவர் எழுந்தால் அட்டை இடம் மாறும். கடைசிக் கட்டில் இருக்கும் வீடுகளுக்குப் பணியாளர்கள் நேரில் போய்ச் சரிபார்ப்பார்கள். 10 சென்டுக்கு மேல் நிலம் இருக்கிறதா, சம்பாதிக்கும் ஆண் உண்டா, பள்ளிக்கூட வயதுப் பிள்ளை வேலைக்குப் போகிறதா, வீட்டில் வருமானம் தரும் பொருள் எதுவும் உண்டா? ஏற்கெனவே சிறுகடன் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் இதில் வரமாட்டார்கள்.

அப்புறம், தேர்வான பெண்ணிடம் என்ன தொழில் வேண்டும் என்று கேட்பார்கள். மாடு, ஆடு, கோழி, காய்கறித் தோட்டம், சின்னக் கடை. பெரும்பாலோர் கேட்டது மாடு. சில நாள் பயிற்சி, பிறகு மாடு கைக்கு வரும். கடன் கிடையாது, திருப்பித் தர வேண்டியதில்லை. மாட்டோடு, வருமானம் வரத் தொடங்கும்வரை சாப்பாட்டுக்கு வாரந்தோறும் ஒரு சிறு தொகை.

இந்தச் சாப்பாட்டுப் பணத்தைச் செலவுக் கணக்கில் முதலில் வெட்டுகிறவர்கள் உண்டு. மாட்டைக் கொடுத்தாயிற்றே, இது எதற்கு என்பார்கள். மாடு வந்த அன்றே வேலை கூடுகிறது. புல் அறுக்க வேண்டும், தவிடு பிண்ணாக்கு வாங்க வேண்டும், கொட்டில் போட வேண்டும். கூலிக்குப் போகும் நாள் குறைகிறது. பால் இன்னும் வரவில்லை. இந்த மூன்று நான்கு மாதங்களைத் தாண்ட வழியில்லாவிட்டால், பட்டினி கிடக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு மாட்டை எவள் வைத்திருப்பாள்? விற்கத்தான் செய்வாள். விற்றால் அவள்மேல் குற்றம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

அடுத்தது வாராந்தர வருகை. என்னைக் கேட்டால் இந்தத் திட்டத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஏறத்தாழ இரண்டு வருஷம், வாரம் ஒருமுறை, பணியாளர் ஒருவர் சைக்கிளிலோ நடந்தோ அந்த வீட்டுக்கு வருவார். மாட்டைச் சுற்றிப் பார்ப்பார். சாணம் இளகலாக இருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா. குடற்புழு மருந்து எப்போது கொடுத்தது, கோமாரித் தடுப்பூசி போட்டாயிற்றா, சினைக்கு விட்டாயிற்றா. சேமிப்பு நோட்டை எடுத்து அந்த வாரத்துச் சிறு தொகையைக் குறிப்பார். கையெழுத்துப் போடத் தெரியாதவளுக்கு அவள் பெயரை எழுதிக் காட்டுவார். மூத்த பெண்ணுக்கு அதற்குள் கல்யாணப் பேச்சு எடுத்துவிட்டார்களா, கக்கூஸ் கட்டுவது என்ன ஆயிற்று, குழந்தைக்கு ஊசி போட்டார்களா என்று கேட்பார். ஊரில் கொஞ்சம் செல்வாக்கானவர்களைச் சேர்த்து ஒரு குழுவும் இருக்கும். மாடு திருடு போகாமல், 'இவளுக்கெல்லாம் மாடா' என்று யாரும் வம்பு செய்யாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. காலமெல்லாம் ஊர்க் கூட்டத்தில் ஓரமாக நின்றவளைத் தேடி வாரம் தவறாமல் ஒருவர் வந்து உட்கார்ந்து பேசுகிறார் என்பதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதற்கு மதிப்பு உண்டு.

பலன் கிடைத்ததா? கிடைத்தது. நாலு வருஷம் கழித்துப் பார்த்தபோது, திட்டத்தில் இருந்த பெண்களின் வருமானம் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூடியிருந்தது. ஆடு மாடும் சேமிப்பும் பெருகியிருந்தன. உதவி நின்று வருஷக்கணக்கான பிறகும், ஏழாவது வருஷத்திலும், அந்த ஏற்றம் வற்றவில்லை. வங்கதேசத்தில் மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இந்தத் திட்டத்தின் வழியாக வந்திருக்கின்றன.

ஒரு நாட்டில், ஒரு நிறுவனம் செய்தது என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய நாடுகளில் இதே முறையைச் சோதித்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். பின்னாளில், 2019இல், பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும் இதில் முக்கியப் பங்கு வகித்தவர்கள். 2015இல் வெளியான முடிவின்படி ஆறில் ஐந்து நாடுகளில் செலவைவிடப் பலன் அதிகம். இந்தியாவில் ஒரு ரூபாய்ச் செலவுக்கு நாலு ரூபாய்க்கு மேல் பலன் என்று கணக்கிட்டார்கள். ஹோண்டுராஸில் நஷ்டம். அங்கே பெரும்பாலோருக்குக் கோழி கொடுத்திருந்தார்கள். நோய் வந்து ஏராளமான கோழிகள் செத்துவிட்டன. வெளியிலிருந்து கொண்டுபோன நல்ல இனக் கோழி அந்த ஊர் நோயைத் தாங்கவில்லை என்பதைக் கிராமத்தில் கோழி வளர்த்த எந்தப் பாட்டியும் முன்கூட்டியே சொல்லியிருப்பாள்.

இந்தியச் சோதனை நடந்தது மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தில், பந்தன் என்ற அமைப்பின் வழியாக. அங்கே திட்டத்தில் சேரச் சொல்லி அழைத்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். இலவசமாக மாடு தருகிறோம் என்று யாரோ வந்து சொன்னால் பின்னால் என்ன கேட்பார்களோ என்ற சந்தேகம். ஏமாந்து பழகியவர்களின் எச்சரிக்கை அது, அதில் தப்பில்லை. சேர்ந்த குடும்பங்களைப் பத்து வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். ஏழாவது வருஷம்வரை முன்னேற்றம் கூடிக்கொண்டே போய், பத்தாவது வருஷத்திலும் நீடித்தது. இன்னொரு விஷயமும் தெரிந்தது. பத்து வருஷம் கழித்து அந்தக் குடும்பங்கள் பழைய மாட்டை மட்டும் நம்பி நிற்கவில்லை. சின்ன வியாபாரம் வந்திருந்தது, பிள்ளைகள் வெளியூர் வேலைக்குப் போய்ப் பணம் அனுப்பினார்கள். பட்டினியைத் தள்ளிவைத்தது மாடு. அந்த மூச்சுவிடும் அவகாசத்தில் மற்றதை அவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

ஏதாவது ஒன்றை மட்டும் கொடுத்தால் போதாதா? கானாவில் அதையும் பார்த்தார்கள். சில வீடுகளுக்கு ஆடு மட்டும், சில வீடுகளுக்குச் சேமிப்பு ஏற்பாடு மட்டும், சில வீடுகளுக்கு முழுத் திட்டம். தனித்தனியாகக் கொடுத்தவற்றால் முழுத் திட்டம் தந்த நிலையான பலனைத் தர முடியவில்லை.

தமிழ்நாட்டில் இதைப் படிக்கிறவர்களுக்கு 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடு, கறவை மாடு திட்டம் நினைவுக்கு வரும். ஏழைப் பெண்களுக்கு நாலு ஆடு, அல்லது ஒரு கறவை மாடு. இலவசம் என்று அதை இளக்காரம் செய்தவர்கள் பலர். இலவசமாகக் கொடுத்தது அதன் குறை என்று நான் நினைக்கவில்லை. பரம ஏழைக்கு இலவசமாகத்தான் கொடுத்தாக வேண்டும். கேட்க வேண்டியது வேறு: மாடு வந்த முதல் மாதங்களில் அந்த வீடு எதைச் சாப்பிட்டது, வாரம் ஒருமுறை கதவைத் தட்டியது யார்? அந்த இரண்டும் அந்தத் திட்டத்தில் கிடையாது.

எல்லா இடத்திலும் இது எடுபடும் என்றும் சொல்லிவிட முடியாது. அப்போது ஆந்திரத்தில் இருந்த, இப்போது தெலங்கானாவில் இருக்கும் மேடக் மாவட்டத்தில் இதே மாதிரித் திட்டம் நடந்தது. முடிவில், சேர்ந்த குடும்பங்களுக்கும் சேராத குடும்பங்களுக்கும் வித்தியாசமே இல்லை. காரணம் நல்ல காரணம். அந்த வருஷங்களில் அங்கே விவசாயக் கூலி ஏறிக்கொண்டிருந்தது. சேராதவர்கள் கூலிக்குப் போய் நன்றாகவே சம்பாதித்தார்கள். சேர்ந்தவர்கள் அந்த நேரத்தை மாட்டுக்குக் கொடுத்துவிட்டு, கணக்குப் பார்த்து, பலர் மாட்டை விற்றுக் கடனை அடைத்தார்கள். நியாயமான கூலியோடு வருஷம் முழுக்க வேலை கிடைக்கிற ஊரில் மாடு பெரிய அதிசயம் செய்யாது. வேறு வேலையே இல்லாத மாதங்கள் இருக்கிற ஊர்தான் இதற்கு இடம்.

இப்போது அரசுகள் இதைக் கையில் எடுத்திருக்கின்றன. இந்தியாவில் பெரிய முயற்சி பீகாருடையது. 2016இல் அங்கே மதுவிலக்கு வந்தபோது, கள்ளும் நாட்டுச் சாராயமும் விற்றுப் பிழைத்த குடும்பங்களின் பிழைப்பு ஒரே நாளில் போயிற்று. அவர்களையும், தலித், பழங்குடிப் பரம ஏழைகளையும் மனதில் வைத்து 2018இல் 'சதத் ஜீவிகோபார்ஜன் யோஜனா' தொடங்கியது. ஜீவிகா என்ற மாநில மகளிர் குழு அமைப்பு அதை நடத்துகிறது. லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு ஆடு, மாடு, சின்ன மளிகைக் கடை என்று போய்ச் சேர்ந்திருக்கிறது. நைஜரில் அரசு மாதாமாதம் கொடுத்துவந்த உதவித்தொகையோடு குழுச் சேமிப்பு, பயிற்சி, ஊர் கூடிப் பேசுவது ஆகியவற்றைச் சேர்த்து நடத்திய சோதனையும் நல்ல பலன் தந்தது. ஊர் கூடிப் பேசுவது, வாழ்க்கைத் திறன் பயிற்சி போன்ற செலவு குறைந்த பகுதிகள் எதிர்பார்த்ததைவிட அதிகம் உதவின.

அரசு கையில் எடுத்தால் எண்ணிக்கை கூடும், அது பெரிய விஷயம். உலக வங்கியின் இப்போதைய கோட்டின்படி, நாளொன்றுக்கு 3 டாலருக்குக் கீழே வாழ்கிறவர்கள் சுமார் 80 கோடிப் பேர். தொண்டு நிறுவனங்களால் மட்டும் தொட முடிகிற எண்ணிக்கை இது இல்லை. என் கவலை வாராந்தர வருகையைப் பற்றியது. இலக்கு லட்சக் கணக்கில் ஆகும்போது முதலில் தேய்வது அதுதான். ஒரு பணியாளரின் தலையில் வீடுகளின் எண்ணிக்கை கூடும், வாரம் ஒருமுறை என்பது மாதம் ஒருமுறை ஆகும், நோட்டில் மட்டும் எல்லா வாரமும் நிரப்பியிருக்கும். வெயிலிலும் மழையிலும் வீடு வீடாக நடக்கிற பெண்ணுக்குச் சம்பளம் என்று கொடுக்காமல் ஊக்கத்தொகை என்று கொஞ்சம் கொடுத்துவிட்டு, ஏழைகளைக் கைதூக்கிவிடும் பொறுப்பை அவளிடம் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவள் வீடும் பெரும்பாலும் அந்த ஊரிலேயே, அந்த ஏழைகளுக்கு ஒரு படி மேலேதான் இருக்கும்.

கடைசியாக ஒரு கணக்கு. வங்கதேசக் குடும்பங்களை 11 வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வாளர்கள், மாடு வந்த பிறகு ஒவ்வொரு குடும்பத்திடமும் மொத்தம் எவ்வளவு உடைமை இருந்தது என்று பார்த்தார்கள். அதில் ஒரு கோடு தெளிவாகத் தெரிந்தது. விலைவாசி வேறுபாட்டைச் சரிசெய்த கணக்கில் சுமார் 500 டாலர். அதற்கு மேலே இருந்தவர்களிடம் உடைமை வருஷா வருஷம் பெருகியது. மாட்டோடு வண்டி, கொட்டகை, கொஞ்சம் நிலம் என்று சேர்ந்தது. அதற்குக் கீழே இருந்தவர்களிடம் வந்த மாடும் மெல்லக் கரைந்தது. எல்லாருக்கும் கிடைத்தது ஏறக்குறைய ஒரே மதிப்புள்ள மாடுதான். ஏற்கெனவே வீட்டில் ஒரு பழைய தள்ளுவண்டியோ இரண்டு ஆடோ இருந்தவள் கோட்டைத் தாண்டினாள். ஒன்றுமே இல்லாதவள், அதாவது எல்லாரிலும் ஏழையானவள், தாண்டவில்லை. திட்டத்தில் இருந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அப்படி நின்றுபோனார்கள்.

அவர்கள் உழைக்காமல் நின்றுபோகவில்லை. கொடுத்தது அவர்களுக்குப் போதவில்லை. ஆனால் இந்த மாதிரித் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு ஒருமுறைதான் உதவி. இரண்டு வருஷம் முடிந்ததும் பட்டியலில் 'பயன்பெற்றவர்' என்று பெயர் ஏறிவிடும், அடுத்த பட்டியலில் இடம் கிடையாது. இதை மாற்றுவதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. எவ்வளவு கொடுப்பது என்பதை அந்த வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யலாம். இரண்டு வருஷம் கழித்துத் திரும்பப் போய், மாட்டை இழந்த வீடுகளுக்கு இரண்டாவது மாட்டைக் கொடுக்கலாம்.